படம் வந்துவிட்டது, பைல் எங்கே?

மயிலாப்பூரிலோ அடையாறிலோ இன்ஜினீயரிங் படித்த பிள்ளையோ பெண்ணோ இல்லாத வீடு அபூர்வம். அதனால் 'மேட்லேப்' என்ற பெயர் உங்கள் காதிலும் விழுந்திருக்கும். அதற்குத் தம்பிமார் மாதிரி 'ஆக்டேவ்', 'சைலேப்' என்று இரண்டு பேர் உண்டு. எண்களை அட்டவணையாகக் கொடுத்தால் கணக்குப் போட்டுத் தரும், கேட்டால் படமாகவும் வரைந்து காட்டும் கணினி மென்பொருள்கள் இவை.

முப்பது வருஷத்துக்கு மேல் தரமணிப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் எண்களோடு மல்லுக்கட்டியவன் நான். புதிதாக வேலைக்குச் சேரும் பையன்கள் முதல் வாரத்தில் இரண்டு கேள்விகளோடு வருவார்கள். "சார், இதை எப்படி கிராஃபா போடறது?" என்பது ஒன்று. "சார், பைல் இல்லேன்னு சொல்றதே, நேத்து இங்கேதானே வெச்சேன்?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கான பதில் தலைமுறைக்குத் தலைமுறை சுலபமாகிக்கொண்டே வந்திருக்கிறது. இரண்டாவது கேள்வி அன்றைக்கு எப்படி இருந்ததோ இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது. இந்த இரண்டு கேள்விகளின் கதையும் பெரும்பாலும் நம் ஊர் எல்லைக்குள்ளேயே நடந்திருக்கிறது என்பதால் எழுதத் தோன்றியது.

நுங்கம்பாக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம். காலேஜ் ரோட்டில் வானிலை ஆய்வு மைய வளாகத்துக்குள் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792இல் அங்கே எழும்பிய மதராஸ் வானாய்வகத்தின் தூண் அது. தமிழ் உட்பட பல மொழிகளில் அதன் மேல் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். அதற்கு முன்னால், 1786இல், வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி எழும்பூரில் தன் சொந்தச் செலவில் ஒரு சின்ன வானாய்வகம் வைத்திருந்தார். அதே 1786இல்தான் லண்டனில் வில்லியம் பிளேஃபேர் என்பவர், இங்கிலாந்தின் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கை வளைகோடுகளாக வரைந்து ஒரு புத்தகம் போட்டார். வருஷத்தைக் கிடையாகவும் பணத்தை நெட்டாகவும் வைத்துக் கோடு இழுக்கும் வழக்கம் அந்தப் புத்தகத்திலிருந்துதான் பரவியது. ஆக, நம் ஊரில் எண்களைச் சேர்க்க ஆரம்பித்ததும், அங்கே எண்களைப் படமாக்க ஆரம்பித்ததும் ஒரே காலம்.

நுங்கம்பாக்கத்தில் 1796 முதல் வானிலை அளவுகளைக் குறித்து வந்தார்கள். மழைக் கணக்கு 1813 முதல் கிடைக்கிறது. இந்தியாவிலேயே இத்தனை நீளமான மழைக் கணக்கு வேறு ஊருக்கு இருக்கிறதா என்றால் சந்தேகம்தான். வானவியல் வேலை 1899இல் கோடைக்கானலுக்குப் போய்விட்டது. மழைமானியும் ரிஜிஸ்டரும் இங்கேயே தங்கிவிட்டன. ஒருவர் அளந்து எழுதுவார், அவர் போன பிறகு இன்னொருவர் வந்து எழுதுவார். 2015 நவம்பரில் சென்னையில் 1,049 மில்லிமீட்டர் மழை பெய்தது என்றும், 1918 நவம்பரில் பெய்த 1,088 மில்லிமீட்டருக்குப் பிறகு இதுதான் அதிகம் என்றும் பத்திரிகைகளில் படித்தோமே, அந்த ஒப்பீட்டை யாராலும் உடனே சொல்ல முடிந்ததற்குக் காரணம், 1918இன் பக்கம் எங்கே இருக்கிறது என்று ஒருவருக்குத் தெரிந்திருந்ததுதான்.

இங்கே ஒரு கிளைக்கதை. கில்பர்ட் வாக்கர் என்ற கணித மேதை அப்போது இந்திய வானிலைத் துறைக்குத் தலைவர். 1913 பிப்ரவரியில் மதராஸ் வந்தபோது, துறைமுகக் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜனின் தாள்களைப் பார்த்துவிட்டு, இவருக்கு உதவ வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. இது பலருக்கும் தெரிந்த கதை. அதே வாக்கர், பருவமழை ஏன் சில வருஷம் பொய்க்கிறது என்று கண்டுபிடிக்க, உலகத்தின் பல மூலைகளிலிருந்து காற்றழுத்தம், மழை, வெப்பம் எல்லாவற்றின் அளவுகளையும் திரட்டி, இந்தியக் குமாஸ்தாக்களை வரிசையாக உட்கார வைத்துக் கையாலேயே கணக்குப் போட வைத்தார் என்பது அவ்வளவாகத் தெரியாது. பசிபிக் கடலின் ஒரு பக்கம் அழுத்தம் ஏறினால் இன்னொரு பக்கம் இறங்குகிறது என்று 1920களில் அவர் சொன்னது அந்தக் குமாஸ்தாக்களின் உழைப்பில் வந்தது. இன்று எல் நினோ என்று தொலைக்காட்சியில் சொல்கிறார்களே, அதன் பாதி அது. 2015 ஓர் எல் நினோ வருஷம். மேட்லேப் இன்று ஒரு வரியில் செய்கிற வேலைக்கு அன்று ஓர் அறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். அந்த ஆட்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

என் காலத்துக்கு வருகிறேன். அறுபதுகளின் கடைசியில் நான் படித்தபோது கையில் கிளார்க்ஸ் டேபிள்ஸ், சட்டைப்பையில் ஸ்லைடு ரூல். கிராஃப் ஷீட்டைக் கச்சேரி ரோட்டுக் கடையில் டஜன் கணக்கில் வாங்குவோம். வேலையில் சேர்ந்த பிறகு நாங்கள் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தால், டிராஃப்ட்ஸ்மேன் அதன் மேல் டிரேசிங் ஷீட்டைப் போட்டு, ஃபிரெஞ்சு கர்வ் வைத்து இந்தியன் இங்க்கில் வளைவை இழுப்பார். பிறகு அம்மோனியா பிரிண்ட். அந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது.

எங்கள் டிராஃப்ட்ஸ்மேன் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவர். ஒரு புள்ளி வரிசையை விட்டு விலகி நின்றால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வருவார். "சார், இந்த ஏழாவது புள்ளிய ஒரு தடவ பாத்துடுங்க" என்பார். பத்துக்கு எட்டு முறை, லேபில் யாரோ தப்பாகப் படித்திருப்பார்கள். மீதி இரண்டு முறை அந்தப் புள்ளியில்தான் விஷயமே இருக்கும். ஒவ்வொரு எண்ணும் ஒரு மனிதரின் கண் வழியாகப் போய்த்தான் தாளில் புள்ளியானது. இப்போது பத்தாயிரம் புள்ளி ஒரு வினாடியில் வந்துவிடுகிறது. ஏழாவது புள்ளியைப் பற்றி யாரும் எழுந்து வந்து கேட்பதில்லை.

1973இல் ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370/155 வந்தது. 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கிய கல்லூரி என்பதால் இந்தக் கணினியும் அந்த உறவின் வழியாகவே வந்து சேர்ந்தது. அப்போது இந்தியாவிலேயே மிகப் பெரிய கணினிகளில் ஒன்று. மதராஸில் ஆராய்ச்சி செய்தவர்கள் பல பேர் அதன் வாசலில் நின்றிருக்கிறார்கள். அட்டையில் துளை போட்டுப் பெட்டியில் அடுக்கி, சைக்கிள் கேரியரில் கட்டி, மான்கள் குறுக்கே ஓடும் அந்த ரோட்டில் கொண்டுபோய் ஜன்னலில் கொடுத்துவிட்டு வரவேண்டும். அடுத்த நாள் போனால் பச்சைப் பட்டை போட்ட நீளத் தாளில் விடை வந்திருக்கும். ஒரு கமா விட்டுப் போயிருந்தால், விடைக்குப் பதில் ஒரே ஒரு வரியில் பிழைச் செய்தி இருக்கும். மறுபடி சைக்கிள்.

இதில் கிராஃப் எப்படி வரும் என்கிறீர்களா? பிரிண்டருக்குக் கோடு இழுக்கத் தெரியாது. எழுத்தும் எண்ணும் நட்சத்திரக் குறியும்தான் அடிக்கத் தெரியும். ஒரு வரியில் 132 இடம். நாம் ஃபோர்ட்ரானில், முதலில் வரி முழுவதையும் வெற்றிடமாக்கி, பிறகு நம் எண் எத்தனாவது இடத்தில் விழ வேண்டும் என்று கணக்கிட்டு, அந்த ஓர் இடத்தில் நட்சத்திரத்தை வைத்து, வரியை அடிக்கச் சொல்லவேண்டும். அடுத்த எண்ணுக்கு அடுத்த வரி. அதனால் காலம் மேலிருந்து கீழே இறங்கும், அளவு இடமிருந்து வலமாகப் போகும். தாளைக் கிழித்துப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தால்தான் நமக்குப் பழகிய கிராஃப் மாதிரி தெரியும். இரண்டு பேர் தாளின் இரண்டு முனையைப் பிடித்துக்கொள்ள, மூன்றாவது ஆள் கழுத்தைச் சாய்த்துப் பார்ப்பது கம்ப்யூட்டர் சென்டர் வராந்தாவில் தினமும் காணும் காட்சி. பார்த்து முடித்த தாளின் பின்பக்கத்தில் எங்கள் வீட்டுக் குழந்தைகள் வாய்ப்பாடு எழுதின. உங்கள் வீட்டிலும் எழுதியிருக்கலாம்.

பைல் என்றால் அந்த நாளில் நிஜமாகவே கையில் தூக்கக்கூடிய பொருள். ஒரு பெட்டியில் இரண்டாயிரம் அட்டை. கீழே போட்டால் போச்சு. அதனால் அடுக்கின் மேல் விளிம்பில் மூலைக்கு மூலை சாய்வாக ஒரு ஸ்கெட்ச் பேனாக் கோடு இழுத்து வைப்பார்கள். கோடு நேராக இருந்தால் அட்டைகள் வரிசையில் இருக்கின்றன என்று அர்த்தம். இதைவிட எளிய தந்திரத்தை நான் பின்னால் எந்த மென்பொருளிலும் பார்த்ததில்லை.

காந்த நாடாவிலோ வட்டிலோ வைத்த தகவலுக்குத்தான் சங்கடம். எந்த நாடா, என்ன பெயர், பழையதா புதியதா, வேலை முடிந்ததும் வைத்துக்கொள்ளவா அழித்துவிடவா என்று ஒரு கட்டுப்பாட்டு அட்டையில் எழுதித் தரவேண்டும். புதிதாக உருவாக்கும் பைலைப் பற்றிக் கடைசிக் கேள்விக்கு நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், இயந்திரம் வேலை முடிந்ததும் அழித்துவிடும். யாரும் சொல்லவில்லை என்றால் வேண்டாம் என்று அர்த்தம், அது அதன் நியாயம். ராத்திரி முழுக்க ஓடிய கணக்கின் விடை இப்படிப் போய், வராந்தாவில் பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

1978இல் ஐ.பி.எம். கம்பெனி இந்தியாவை விட்டுப் போயிற்று. அந்நியச் செலாவணிச் சட்டமும் அன்றைய மத்திய அரசும் சேர்ந்த கதை, அதை வேறொரு நாள் எழுதலாம்.

அதே சமயத்தில் அமெரிக்காவில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கிளீவ் மோலர் என்ற கணிதப் பேராசிரியர் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார். அணிக் கணக்குகளுக்கு அருமையான ஃபோர்ட்ரான் நூலகங்கள் இருந்தன. அவற்றை எழுதியவர்களில் அவரும் ஒருவர். ஆனால் மாணவர்கள் அதைத் தொட வேண்டுமானால் முதலில் ஃபோர்ட்ரான் எழுதி, ஓட்டி, பிழை திருத்தி வரவேண்டும். அந்தத் தொல்லை இல்லாமல், ஒரு வரி தட்டினால் உடனே விடை வரும்படி ஒன்றை எழுபதுகளின் கடைசியில் எழுதினார். அணிகளின் ஆய்வுக்கூடம் என்ற பொருளில் மேட்லேப் என்று பெயர். மேத்ஸ் லேப் என்று நினைத்துக்கொண்டிருக்கிறவர்கள் நிறையப் பேர். முதல் மேட்லேபிலும் படம் நட்சத்திரக் குறியில்தான் வந்தது என்பதைப் பின்னாளில் படித்தபோது எனக்கு ஓர் அற்ப சந்தோஷம். நியூ மெக்சிகோவும் நாமும் அந்த விஷயத்தில் ஒரே நிலைமையில்தான் இருந்திருக்கிறோம்.

1984இல் ஜாக் லிட்டில் என்பவர் அதைப் பர்சனல் கம்ப்யூட்டருக்காகப் புதிதாக எழுதி, மோலரோடு சேர்ந்து கம்பெனி ஆரம்பித்தார். பிளாட் என்று எழுதி அடைப்புக்குறிக்குள் இரண்டு பெயர் கொடுத்தால் திரையில் கோடு வந்துவிடும். டிராஃப்ட்ஸ்மேன், ஃபிரெஞ்சு கர்வ், அம்மோனியா எல்லாம் ஒரே வார்த்தைக்குள் அடங்கிவிட்டன. எங்கள் கூடத்தில் அதை முதலில் ஓட்டிக் காட்டிய அன்று பியூன் முதல் டைரக்டர் வரை சுற்றி நின்று பார்த்தார்கள். டிராஃப்ட்ஸ்மேனும் பார்த்தார். "நல்லாத்தான் சார் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வருஷம் அவரை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள்.

பைல் பிரச்னை மட்டும் வேறு உடை போட்டுக்கொண்டு வந்தது. டாஸ் காலத்தில் பெயருக்கு எட்டு எழுத்து, புள்ளிக்குப் பின் மூன்று எழுத்து. எட்டு எழுத்துக்குள் ஊர், வருஷம், சோதனை எண் எல்லாவற்றையும் திணித்து ஒவ்வொருவரும் ஒரு பரிபாஷை வைத்திருந்தார்கள். அவர் ரிட்டயர் ஆனால் பரிபாஷையும் கூடவே ரிட்டயர் ஆகிவிடும். ரிச்சி தெருவில் வாங்கிய பிளாப்பிகள் டப்பா டப்பாவாக இருக்கும். மேல் லேபிளில் 'முக்கியம்' என்று எழுதியிருக்கும். எதற்கு முக்கியம் என்று எழுதியிருக்காது.

மேட்லேப் பைலைத் தேடும் முறை ஒன்றும் மாயம் இல்லை. ஒரு பெயரைத் தட்டினால், அது ஏற்கெனவே நினைவில் உள்ள மாறியா என்று முதலில் பார்க்கும். இல்லையென்றால் இப்போது நாம் இருக்கும் கோப்புறையில் தேடும். அங்கேயும் இல்லையென்றால், அதனிடம் இருக்கும் பாதைப் பட்டியலில் ஒவ்வோர் இடமாகப் போய்ப் பார்க்கும். முதலில் எது கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். போஸ்ட்மேன் தெருப்பெயர் இல்லாமல் வெறும் ராமசாமி என்று எழுதிய கடிதத்தை முதலில் தென்பட்ட ராமசாமியிடம் கொடுத்துவிட்டுப் போவது மாதிரி. ஒரு பையன் தன் நிரலுக்கு பிளாட் என்றே பெயர் வைத்துச் சேமித்துவிட்டான். அதற்குள் பிளாட் என்று அவன் எழுதிய வரி, நிஜமான பிளாட்டிடம் போகாமல் அவன் பைலையே மறுபடி மறுபடி கூப்பிட, ஒரு கட்டத்தில் இயந்திரம் போதும் என்று நிறுத்திவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் எந்த ராமசாமி என்று கேட்க 'விச்' என்று ஒரு கட்டளை உண்டு. நிஜமாகவே அதன் பெயர் 'எது' என்பதுதான்.

இப்போது எந்த இடத்தில் நிற்கிறோம் என்று கேட்க இன்னொரு கட்டளை. அதன் பெயர் பி.டபிள்யூ.டி. நம் வயதுக்காரர்களுக்குப் பி.டபிள்யூ.டி. என்றால் சேப்பாக்கத்தில் கடற்கரையைப் பார்த்த செங்கல் கட்டடமும் ஏரிக்கரை மதகும்தான் ஞாபகம் வரும். ஏரியில் எத்தனை அடி தண்ணீர் என்ற கணக்கும் அங்கேதான் இருந்தது. அதனால் எனக்கு அந்தக் கட்டளை ஒரு நாளும் மறந்ததில்லை.

மேட்லேபின் விலை பெரிய விலை. அதனால்தான் தம்பிகள் பிறந்தார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜான் ஈட்டன் 1992இல் ஆக்டேவை எழுத ஆரம்பித்தார், ரசாயன உலைகளைப் பற்றிய ஒரு பாடப்புத்தகத்துக்குத் துணையாக. ஆக்டேவ் என்றதும் நம் சங்கீத ரசிகர்கள் ஸ்தாயியைத்தான் நினைப்பார்கள். ஸ்தாயிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது ஈட்டனின் ஆசிரியர் ஆக்டேவ் லெவன்ஸ்பீலின் பெயர். பிரான்சு அரசின் ஆய்வு நிலையத்திலிருந்து சைலேப் வந்தது. இரண்டையும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம். பம்பாய் ஐ.ஐ.டி.யில் கண்ணன் மௌட்கல்யா என்ற பேராசிரியர் (நம் மதராஸ் ஐ.ஐ.டி.யில் படித்தவர்) தலைமையில் ஒரு குழு, இதையெல்லாம் எப்படிப் பயன்படுத்துவது என்று பத்து நிமிஷப் பாடங்களாகப் பேசிப் பதிவு செய்து, இந்திய மொழிகளில் குரல் கொடுத்து வைத்திருக்கிறது. தமிழிலும் உண்டு. படம் வரைவது எப்படி என்று நம் பாஷையில் ஒருவர் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போவதைக் கேட்டபோது, எழுபதுகளில் இது கிடைத்திருந்தால் எத்தனை சைக்கிள் மிதி மிஞ்சியிருக்கும் என்று தோன்றியது.

இதெல்லாம் எனக்கு மறுபடி கைக்கு வந்தது ஒரு கிணற்றால்.

என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவருக்கு மந்தைவெளியில் சொந்த வீடு, பின்கட்டில் கிணறு. 1976இலிருந்து ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையும் காபிக்கு முன்னால், கயிற்றில் கட்டிய ஈயக் குண்டை இறக்கி, கைப்பிடிச் சுவரிலிருந்து தண்ணீர் எத்தனை அடி கீழே என்று நோட்டில் எழுதுவார். யாரும் கேட்கவில்லை, சம்பளமும் இல்லை. 2010இல் வீட்டை பில்டரிடம் கொடுத்துவிட்டுக் கோட்டூர்புரத்தில் தரைத்தளத்துக்குக் குடிபோகும் வரை எழுதினார். நடுவில் எல்லாவற்றையும் பிளாப்பியில் ஏற்றி, பிறகு கம்ப்யூட்டருக்கு மாற்றி, "இனிமே நோட்டு எதுக்குய்யா" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். நல்ல வேளை, தூக்கிப் போடவில்லை.

2015 டிசம்பர் முதல் வாரம் அடையாற்று வெள்ளம் கோட்டூர்புரத்துக்குள் புகுந்தது உங்களுக்குத் தெரியும். கம்ப்யூட்டர், பிளாப்பி, சிடி எல்லாம் கீழ் அலமாரியில் இருந்தன. ஒன்றும் மிஞ்சவில்லை. நோட்டுகள் பரணில் இருந்தன. நண்பர் அதற்கு அடுத்த வருஷம் காலமானார்.

அவர் பெண் ஒரு நாள் துணிக்கடைப் பையில் பதினோரு நோட்டுகளோடு வந்தாள். "மாமா, இது உங்களுக்கு ஏதாவது பிரயோஜனப்படுமா? பழைய பேப்பர்காரன்கிட்ட போட மனசு வரலே."

அவளே ராத்திரிகளில் உட்கார்ந்து மொத்தத்தையும் டைப் அடித்தாள். இரண்டு பத்தி, தேதியும் ஆழமும். என் மடிக்கணினியில் ஆக்டேவைத் திறந்து பைலை ஏற்றச் சொன்னால், வழக்கம்போல் அப்படி ஒரு பைலே இல்லை என்றது. கண்ணெதிரே இருக்கிறது, இல்லை என்கிறது. விண்டோஸ் பைல் பெயரின் வாலை மறைத்து வைக்கும் வழக்கம் உள்ளது. அவள் டெக்ஸ்ட் என்று வால் சேர்த்துப் பெயர் கொடுக்க, அது தன் பங்குக்கு இன்னொரு டெக்ஸ்ட் ஒட்டிவிட்டது. இரண்டு வால். பெயரை மாற்றியதும் வந்தது.

முதல் படம் தலைகீழாக இருந்தது. ஆழம் கூடினால் கோடு மேலே போகும், அதாவது தண்ணீர் வற்றும்போது படத்தில் ஏறும். அச்சைத் திருப்பிப் போட ஒரு சொல் உண்டு, போட்டேன். இப்போது கிணறு கிணறாகத் தெரிந்தது. ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகையிலும் ஏறி, சித்திரை வைகாசியில் இறங்குகிறது. 1983இல் அடி வரை போகிறது. அந்த வருஷம் நாம் குடத்தோடு நின்ற வரிசைகள் ஞாபகம் வருகிறதா? 2003, 2004இல் மறுபடி அடிமட்டம். 2005 மழையில் ஒரே தாவல். வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று 2003இல் சட்டம் வந்ததே, அதனால் எவ்வளவு, மழையால் எவ்வளவு என்று ஒரு கிணற்றை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் அதற்குப் பிந்தைய கோடைகளில் கோடு பழைய பள்ளத்துக்கு இறங்கவே இல்லை. நுங்கம்பாக்கத்து மழையை இதன் மேல் பொருத்திப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அது அடுத்த வேலை.

ஒரு புள்ளி மட்டும் தனியாகக் கீழே தொங்கியது. 1993 மே மாதம், ஒரே ஒரு ஞாயிறு. டைப் அடித்த பிழை என்று நினைத்து நோட்டைப் பிரித்தோம். எண் சரிதான். ஓரத்தில் பென்சிலால் நண்பர் எழுதியிருந்தார்: 'அடுத்த வீட்டில் கல்யாணம். விடியற்காலை 3 மணி முதல் மோட்டார்.' எங்கள் டிராஃப்ட்ஸ்மேன் இருந்திருந்தால் எழுந்து வந்திருப்பார். ஓரக் குறிப்புகள் பல பக்கங்களில் இருந்தன. தூர் வாரியது, போர் போட்டது, கயிறு மாற்றியது. இவையெல்லாம் பைலில் ஏறவில்லை. அந்தப் பெண் மறுபடி உட்கார்ந்து மூன்றாவது பத்தியாக அவற்றையும் அடித்தாள்.

படத்தில் ஓர் இடைவெளியும் இருந்தது. அளக்காத வாரத்துக்குச் சுழி போடக்கூடாது. போட்டால், தண்ணீர் கைப்பிடிச் சுவரைத் தொட்டு நிற்கிறது என்று படம் சொல்லும். எண் இல்லை என்பதற்கு ஆக்டேவில் மூன்று எழுத்துக் குறி இருக்கிறது. தமிழில் எழுதினால் 'நான்' என்று வரும். அந்தக் குறி உள்ள இடத்தில் கோடு அறுந்து, தாண்டித் தொடங்கும். ஊருக்குப் போன ஒன்றிரண்டு வாரங்கள் அப்படி அறுந்திருந்தன. 1998 ஜூலை, ஆகஸ்டில் மட்டும் ஆறு வாரம் சேர்ந்தாற்போல் இல்லை. நோட்டிலும் தேதிகள் வரிசையாக எழுதியிருக்கின்றன, எதிரே ஒன்றுமில்லை, ஓரத்திலும் ஒன்றுமில்லை.

"இந்த எடத்த சேர்த்துப் போட முடியாதா மாமா?" என்று கேட்டாள். முடியும். முன்னும் பின்னும் உள்ள எண்களை வைத்து நடுவில் நிரப்ப ஒரே ஒரு கட்டளை போதும், அந்தப் பருவத்தில் பெரிய தப்பும் வராது என்று சொன்னேன். அவள் திரையில் அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்போ" என்றாள். "அப்படியே இருக்கட்டும் மாமா."

படத்தை அந்த ஆறு வார இடைவெளியோடு அச்செடுத்தோம். பைல் எந்தக் கணினியில், எந்தக் கோப்புறையில், என்ன பெயரில் இருக்கிறது என்பதைப் பதினோராவது நோட்டின் கடைசிப் பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதி, நோட்டுகளை பாலிதீன் உறையில் போட்டுக் கட்டினாள். இப்போது அவள் வீட்டுப் பரணில் இருக்கின்றன. மூன்றாவது மாடி.